பெயரைச் சொல்ல விடுங்கோ

போன மாதக் கூடலில் நாங்கள் ஒரு பிழை விட்டோம். அதிலிருந்தே தொடங்குவம்.

எங்கட கூடல்கள் எப்பவும் ஒரே மாதிரித்தான் ஆரம்பிக்கும். பாயை விரித்து வட்டமாக இருந்து, பிளேன்ரீ வரும்வரைக்கும் ஒவ்வொருவராகப் பெயர், ஊர், கடைசியாக வாசித்த புத்தகம் என்று சொல்லிக்கொண்டு வருவோம். அன்றைக்குப் புதிதாக ஒரு தம்பி வந்திருந்தான். அவனுடைய முறை வந்தது. வாயைத் திறந்தான். 'ப்' என்று உதடு ஒட்டிக்கொண்டது. கண் இறுக மூடியது. கழுத்து நரம்பு புடைத்தது. ஐந்தாறு செக்கன் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் வட்டத்தில் இருந்த ஒருத்தருக்கும் அதைத் தாங்க ஏலவில்லை. எங்களில் ஒருத்தர், நல்லெண்ணத்தில்தான், 'ப'வில் தொடங்கும் ஒரு பெயரை எடுத்துக் கொடுத்தார். தம்பி தலையாட்டினான். எல்லாரும் மூச்சு விட்டோம். முறை அடுத்த ஆளுக்குப் போனது.

அது அவனுடைய பெயர் இல்லை.

அன்று பின்னேரம் முழுக்க அவனை நாங்கள் அந்தப் பெயரால்தான் கூப்பிட்டோம். அவனும் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்த்தான். இரவு வட்ஸ்அப் குழுவில் சேர்க்கேக்கதான் உண்மையான பெயர் தெரிய வந்தது. ஏன் அப்பவே சொல்லவில்லை என்று கேட்டோம். "திருத்தோணும் எண்டால் திரும்பவும் சொல்லோணுமே அண்ணா" என்று எழுதினான்.

இதை எழுத அவனிடம் அனுமதி கேட்டபோது இரண்டு நிபந்தனை போட்டான். பெயர் வரக்கூடாது. கடைசியில் 'விடாமுயற்சியால் வென்றான்' என்று முடிக்கக்கூடாது. இரண்டுக்கும் ஓம் சொல்லியிருக்கிறோம்.

அவனுடைய பதில் குழுவில் விழுந்து பத்து நிமிடத்தில் இன்னொரு செய்தி வந்தது. எங்களோடு நாலு வருடமாக இருக்கிற தோழி ஒருத்தி எழுதியிருந்தாள்: "எனக்கும் திக்கும். சின்னனிலயிருந்து." எங்களில் ஒருத்தருக்கும் அது தெரியாது. கூட்டக் குறிப்பு எழுதுகிற வேலையை எப்பவும் அவள்தான் கேட்டு வாங்குவாள். புத்தக விமர்சனத்தை எழுதிக் கொண்டுவருவாள், வாசிக்கிறதை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவாள். 'புத்தகம்' என்று சொல்லவேமாட்டாள், 'நூல்' என்பாள். 'பிரச்சினை' வராது, 'சிக்கல்' வரும். 'கட்டாயம்' வராது, 'நிச்சயம்' வரும். செந்தமிழ்க்காரி என்று நாங்கள் பகிடி பண்ணியிருக்கிறோம். இப்பதான் விளங்குது, அவள் ஒவ்வொரு வசனத்திலும் மூன்று சொல்லுக்கு முன்னால் ஓடிப்போய், எந்த இடத்தில் வழி அடைபட்டிருக்கிறது என்று பார்த்து, ஒழுங்கையை மாற்றி மாற்றி வந்திருக்கிறாள். நாலு வருடம், ஒவ்வொரு வசனத்திலும்.

தமிழில் எதற்கும் இரண்டு மூன்று சொல் கிடைக்கும். ஆனால் சொந்தப் பெயருக்கும் ஊருக்கும் மாற்றுச் சொல் கிடையாது. யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, கொடிகாமத்தில் இறங்க வேண்டியவள், 'க' வராத நாட்களில் மிருசுவிலுக்கு ரிக்கெற் எடுத்திருக்கிறாள். காசு கொஞ்சம் கூடத்தான் போகும், மானம் போகாது என்கிறாள்.

பள்ளிக்கூடத்துத் தேர்ச்சி அறிக்கையில் அவளைப் பற்றி ஒவ்வொரு வருடமும் எழுதியிருந்தது 'அமைதியான மாணவி'. இதைக் கொஞ்சம் யோசிக்க வேணும். வளர்ந்தவர்களில் திக்குகிற ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய நாலு ஆண்கள் என்பது கணக்கு. சிறுவயதில் இந்த வித்தியாசம் இவ்வளவு இல்லை. பெண்பிள்ளைகளில் கூடுதலானோர் அதிலிருந்து மீண்டுவிடுகிறார்கள். ஆனால் மீளாமல் நிற்கிற பெண்ணுக்கு எங்கட சமூகத்தில் ஒளிந்துகொள்ள வசதியான இடம் ஒன்று இருக்கு. பெடியன் வாய் திறக்காவிட்டால் 'என்னடா உனக்கு' என்று கேட்பார்கள். பெட்டை வாய் திறக்காவிட்டால் நல்ல வளர்ப்பு என்பார்கள்.

தானும் திக்குகிறவராக இருந்த அமெரிக்க உளவியலாளர் ஜோசப் ஷீஹன், திக்குவாயைப் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். வெளியில் கேட்கிற திக்கல் நுனி மட்டும், வெட்கமும் பயமும் ஒளிப்பும்தான் தண்ணிக்குக் கீழே கிடக்கிற பெரிய பகுதி. பனிப்பாறையை நாங்கள் கண்டதில்லை. பனங்கிழங்குப் பாத்தி என்றால் எங்களுக்கு விளங்கும். மேலே ஒரு குருத்து, கீழே ஒரு முழத்துக்குக் கிழங்கு.

சரி, இது எதனால் வருகிறது? எங்கட ஊர்களில் பதிலுக்குப் பஞ்சமில்லை. அப்பா அதட்டிப் பயந்தது. நாக்குத் தடிப்பு. கொன்னை தட்டுகிற பிள்ளையோடு விளையாடித் தொத்தினது. இடக்கையால் எழுதினதை மாற்றினது. ஷெல் சத்தம். கடைசிக் காரணத்தை எங்களில் பலர் வீட்டிலேயே கேட்டிருக்கிறோம். அதில் ஒரு விசயம் இருக்கு. திக்கல் பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில், பிள்ளை சொற்களை அடுக்கி வசனமாகப் பேசத் தொடங்குகிற காலத்தில்தான் தலைகாட்டும். போர்க்காலத்தில் எங்கட இடங்களில் அந்த வயதைக் கடந்த பிள்ளைகளில் ஒரு இடப்பெயர்வையோ ஒரு குண்டையோ காணாமல் கடந்தவர்கள் எத்தனை பேர்? இரண்டும் ஒரே காலத்தில் வந்ததால் ஒன்றால் மற்றது வந்தது என்று வீடுகள் முடிச்சுப் போட்டுவிட்டன. பயமும் பதற்றமும் ஏற்கெனவே இருக்கிற திக்கலைக் கூட்டும், அது உண்மை. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு பேச்சு தடுமாறுகிற நிலை ஒன்றும் உண்டு, ஆனால் அது அரிது. பிள்ளைப்பருவத்தில் தொடங்குகிற வழமையான திக்குவாயின் வேர் அங்கே இல்லை.

வேர் மூளையில் இருக்கிறது, அதில் ஒரு பங்கு பரம்பரையில். பேச்சு என்பது மூச்சு, குரல்வளை, நாக்கு, உதடு எல்லாம் செக்கனில் சிறு பங்கு நேரத்துக்குள் ஒன்றையொன்று பார்த்து நடக்கிற வேலை. திக்குகிறவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், பேச்சை நடத்துகிற இடப்பக்கப் பகுதிகளை இணைக்கிற நரம்பிழைகளில் வித்தியாசம் தெரிகிறது. பேசும்போது வலப்பக்கம் வழமையை விடக் கூடுதலாக வேலை செய்கிறது. குடும்பங்களில் இது தொடர்ந்து வருவது நெடுங்காலமாகத் தெரிந்ததுதான். 2010இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள், பாகிஸ்தானியக் குடும்பங்களில் தொடங்கிய ஆய்வொன்றின் வழியாக, திக்குவாயோடு தொடர்புள்ள மூன்று மரபணுக்களைக் கண்டார்கள். அதற்குப் பிறகு வேறு மரபணுக்களும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. எல்லாத் திக்கலையும் இவை விளக்கிவிடா. ஆனால் 'தாய் தகப்பன் பிழை' என்ற கதையை மூட்டை கட்ட இவ்வளவும் காணும்.

அந்தக் கதையை மூட்டை கட்டச் சொல்வதற்குக் காரணம் இருக்கு. 1939இல் அமெரிக்காவின் அயோவாவில் வென்டல் ஜோன்சன் என்ற பேராசிரியரின் வழிகாட்டலில் மேரி டியூடர் என்ற மாணவி ஓர் ஆய்வு செய்தார். ஜோன்சனும் திக்குகிறவர்தான். பெரியவர்கள் பிள்ளையின் பேச்சைக் குறைசொல்லித் திருத்தித் திருத்தித்தான் திக்கல் உண்டாகிறது என்பது அவருடைய நம்பிக்கை. அதைச் சோதிக்க டெவன்போர்ட் என்ற ஊரில் இருந்த அநாதைப் பிள்ளைகள் இல்லத்திலிருந்து 22 பிள்ளைகளை எடுத்தார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், உனக்குத் திக்கல் தொடங்குது, கவனம், சரியாகச் சொல்ல முடியாவிட்டால் பேசாதே என்று மாதக்கணக்காகச் சொன்னார்கள். பிற்காலத்தில் அந்தத் தரவுகளைத் திரும்பப் பார்த்தவர்கள், அந்தப் பிள்ளைகள் உண்மையில் திக்குவாயாக மாறினார்கள் என்பதற்குச் சான்று இல்லை என்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் ஒடுங்கிப்போனார்கள். கேட்டால் மட்டும் ஒரு சொல்லில் பதில், முகத்தைத் தாழ்த்திக்கொள்வது, வகுப்பில் வாய் திறக்காதது. 2001இல் அயோவாப் பல்கலைக்கழகம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 2007இல் பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் ஆறு பேருக்காக 925,000 டொலர் இழப்பீட்டுக்கு அயோவா மாநிலம் இணங்கியது.

எங்களை இந்த இடம்தான் நிறுத்தியது. ஒரு பிள்ளையின் பேச்சை ஓயாமல் திருத்தினால் திக்கல் உண்டாகவில்லை, மௌனம் உண்டானது. எங்கட வகுப்பறைகளில் தினமும் நடக்கிறது இதுதானே. ஆய்வென்ற பெயர்தான் இல்லை.

இன்னொரு புதினம். திக்குகிற பிள்ளை காலைப் பிரார்த்தனையில் எல்லாரோடும் சேர்ந்து தேவாரம் பாடும்போது ஒரு எழுத்தும் தடக்காது. வாய்ப்பாட்டை வகுப்பே சேர்ந்து சொல்லும்போதும் தடக்காது. தனியாக இருந்து பூனையோடு கதைக்கும்போதும் தடக்காது. அதே பிள்ளையை எழுப்பி, ஏழாம் வாய்ப்பாட்டைத் தனியாகச் சொல்லு என்றால் நின்றுவிடும். உடனே 'எல்லாம் நடிப்பு, பாட ஏலுமெண்டால் கதைக்க ஏலாதோ' என்பார்கள். இது நடிப்பில்லை. பேச்சை எப்ப தொடங்குவது என்ற நேரக்கணக்கை மூளை உள்ளுக்குள்ளிருந்து கொடுப்பதில்தான் சிக்கல் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பாட்டின் தாளமோ பக்கத்தில் நிற்பவரின் குரலோ அந்தக் கணக்கை வெளியிலிருந்து கொடுத்துவிடுகிறது. தனியாக இருக்கும்போது கேட்கிற ஆளின் முகம் இல்லை, அதுவும் ஒரு காரணம்.

இனி, சரளமாகப் பேச வழி என்ன?

முதலில், செய்யக்கூடாதது. வாயில் கூழாங்கல்லைப் போட்டுப் பேசிப் பழகினதாக கிரேக்க நாட்டு டெமொஸ்தனிஸ் கதை சொல்லிச் சொல்லி எத்தனை பிள்ளைகளின் வாயில் கல்லைப் போட்டிருப்பார்கள். தொண்டையில் இறுகினால் பேச்சு மட்டுமில்லை, மூச்சும் போகும். 1841இல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் திக்குவாய்க்கு நாக்கின் அடியை வெட்டியெடுத்தார். திக்கல் நாக்கிலே இல்லை என்பது அன்றைக்குத் தெரியாது, இன்றைக்குத் தெரியும். மருந்துக் குளிசையும் இல்லை. அதனால் 'முப்பது நாளில் பூரண குணம்' என்று முகநூலில் விளம்பரம் போடுகிறவர்களுக்குக் காசு கட்டாதேங்கோ.

சின்னப் பிள்ளை என்றால் நம்பிக்கை கூட. திக்கத் தொடங்குகிற பிள்ளைகளில் நாலில் மூன்று பங்குக்கு மேல் தானாகவோ உதவியோடோ மீண்டுவிடுகிறார்கள். ஆனால் எந்தப் பிள்ளை மீளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. குடும்பத்தில் வளர்ந்த பிறகும் திக்குகிறவர் இருந்தால், ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், பேசும்போது முகம் இறுகினால், 'வளர வளரச் சரிவரும்' என்று இருக்காமல் பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கோ. பாடசாலை வயதுக்கு முன் தொடங்குகிற சிகிச்சைதான் கூடுதலாகப் பிடிக்கிறது. சிட்னியில் உருவான லிட்கோம் என்ற முறையில் சிகிச்சை கொடுப்பதே தாய் அல்லது தகப்பன்தான், சிகிச்சையாளர் அவர்களைப் பழக்குகிறார். தினமும் கொஞ்ச நேரம் பிள்ளையோடு விளையாடிக் கதைத்து, தடக்காமல் வந்த பேச்சைப் பாராட்டுவதுதான் அதன் அடிப்படை. அது இல்லாவிட்டாலும் வீட்டில் செய்யக்கூடியது இருக்கு. பிள்ளைக்கு 'மெதுவாக் கதை' என்று சொல்லாமல் நீங்கள் மெதுவாகக் கதையுங்கோ. ஒருவர் கதைத்து முடிக்க மற்றவர் தொடங்குங்கோ. வந்த விருந்தாளிக்கு முன்னால் 'மாமாக்கு ஒரு பாட்டுச் சொல்லு' என்று நிறுத்தாதேங்கோ.

வளர்ந்தவர்களுக்கு இரண்டு பாதை. ஒன்று, பேச்சையே வேறு விதமாக நடத்துவது: உயிரெழுத்தை இழுத்து, முதல் எழுத்தை மெல்லத் தொட்டு, மூச்சோடு சேர்த்து வசனத்தைத் தொடங்குவது. சிகிச்சை அறையில் இது அழகாக வேலை செய்யும், சந்தைக்குள் போனதும் காணாமல் போகும். பழகப் பழகத்தான் நிற்கும், விட்டால் திரும்பிவிடும். மற்றது, திக்குவதையே லேசாக்குவது. சார்ள்ஸ் வான் றைப்பர் என்ற அமெரிக்கர், அவரும் திக்குகிறவர், இந்தப் பாதையை வளர்த்தவர்களில் முக்கியமானவர். சொல் இறுகினால் முட்டித் தள்ளாமல், இறுகின இடத்திலேயே நின்று, உதட்டைத் தளர்த்தி, மெல்ல வெளியே வருவது. வேண்டுமென்றே சில சொற்களில் திக்கிப் பார்ப்பதும் இதில் ஒரு பயிற்சி. கேட்க விசர்த்தனமாக இருக்கும். ஆனால் ஒளிக்கிறதுதான் பயத்தை வளர்க்கிறது. நீயாகவே கடையில் போய் 'ப-ப-பாண்' என்று கேட்டு, ஒன்றும் இடிந்து விழவில்லை என்று கண்ட பிறகு, அடுத்த 'ப' அவ்வளவு பயமுறுத்தாது.

எங்கட தோழி இப்ப செய்கிறது இதைத்தான். சிகிச்சையாளர் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்த நாட்டில் பேச்சுச் சிகிச்சையாளர்களை உருவாக்குகிற பட்டப்படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தில், ராகமையில் இருக்கு. பெரிய அரச வைத்தியசாலைகளில் இந்தப் பிரிவு இருக்கு, காசும் இல்லை. ஆனால் தமிழில் பேசுகிற சிகிச்சையாளர்கள் குறைவு. திக்குவாய்க்கு மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சிகிச்சை எடுக்கிறதை ஒருக்கா யோசித்துப் பாருங்கோ. தமிழ்ப் பிள்ளைகள் இந்தத் துறைக்குப் போக வேணும். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு வைத்தியர், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிற ரியூசன் சேர்மார் இதையும் ஒருக்காச் சொல்லலாம்.

இவ்வளவும் திக்குகிறவர் செய்ய வேண்டியது. ஆனால் கூடலில் பிழை விட்டது அந்தத் தம்பி இல்லை, நாங்கள். அதனால் எங்கட பக்கத்தையும் பேச வேணும்.

நாங்கள் பேச்சைக் கொண்டாடுகிற சமூகம். அகில இலங்கைத் தமிழ் மொழித் தினப் போட்டியில் தொடங்கி கோயில் திருவிழாப் பட்டிமன்றம் வரைக்கும், மடமடவென்று கொட்டுகிறவன்தான் கெட்டிக்காரன். என்ன சொன்னான் என்று யாரும் கேட்பதில்லை, நிற்காமல் சொன்னானா என்றுதான் பார்க்கிறோம். அந்தப் போட்டிகளில் பரிசு எடுத்தவர்கள் எங்களுக்குள்ளேயே நாலைந்து பேர் இருக்கிறோம். மனப்பாடம் செய்ததில் ஒரு வரியும் இப்ப ஞாபகம் இல்லை. இந்தப் பக்கம் தமிழ்ப் படங்களில் திக்குகிறவர் வந்தால் அது சிரிக்கிற இடம் என்று எங்களுக்குத் தெரியும். அவர் என்ன சொல்ல வருகிறார் என்பது அந்தக் காட்சிக்குத் தேவையே இல்லை.

'த கிங்ஸ் ஸ்பீச்' (2010) படத்தை நாங்கள் முன்பு திரையிட்டபோது எல்லாரும் புகழ்ந்தோம். இப்ப திரும்பப் பார்த்தால் ஒரு குறை தெரியுது. அரசனின் திக்கலுக்குக் கண்டிப்பான தகப்பனையும் மாற்றப்பட்ட இடக்கையையும் கொடுமைக்காரத் தாதியையும் காரணம் போலக் காட்டி, பழைய கதையையே திரும்பச் சொல்கிறது. ஆனால் கடைசி வானொலிப் பேச்சுக் காட்சி இன்னும் பிடிக்குது. அரசனுக்குத் திக்கல் போகவில்லை. முன்னால் ஒரு ஆள் அவசரப்படாமல் நிற்கிறார்.

அவசரப்படாமல் நிற்கிற ஆள் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. எங்களில் ஒருத்தரின் சித்தப்பாவுக்குத் திக்கும். சோதனைச்சாவடிகள் இருந்த காலத்தில், தெரியாத மொழியில், துவக்கோடு நின்றவர்கள் பெயரைக் கேட்டபோது அவருக்கு வரவில்லை. பெயரைச் சொல்லத் தயங்குகிறவன் எதையோ மறைக்கிறான் என்பதுதானே அந்த இடத்தின் கணக்கு. அரை நாள் வெயிலில் இருத்திவைத்துத்தான் விட்டார்கள். இன்றைக்கும் அவர், வங்கியிலோ தபால்கந்தோரிலோ யாராவது பெயரைக் கேட்டால், வாயைத் திறக்காமல் அடையாள அட்டையை எடுத்து நீட்டுவார். சட்டைப் பொக்கற்றில் மேலாக வைத்திருப்பார், தேடத் தேவையில்லாமல்.

ஆசிரியர்களிடம் கேட்கிறதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. வரவு கூப்பிடேக்க கையை உயர்த்தினால் ஏற்றுக்கொள்ளலாம். வரிசையாக எழுப்பி வாசிக்க வைக்கும்போது திக்குகிற பிள்ளைக்குத் தன் முறை வரும்வரைக்கும் பாடம் காதில் ஏறாது, எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணிக்கொண்டுதான் இருக்கும். அவனை விட்டுவிடச் சொல்லவில்லை, விட்டுவிட்டால் அதுவும் ஒரு அவமானம். இரண்டு பேரைச் சேர்ந்து வாசிக்கச் சொல்லலாம், தேவாரம் மாதிரி. எப்படி வேணும் என்று அந்தப் பிள்ளையிடமே தனியாகக் கேட்கலாம். நேர்முகத் தேர்வு நடத்துகிறவர்கள், பதில் பிந்துவதும் பதில் தெரியாததும் ஒன்றில்லை என்பதை நினைவில் வைத்தால் காணும். சிங்களத்தில் நேர்முகம் என்றால் இன்னும் கவனம் வேணும், திக்குகிறவனை மொழி தெரியாதவன் என்று எழுதிவிடுவார்கள்.

சொல்லை எடுத்துக் கொடுக்காதேங்கோ. அது உதவி இல்லை, அவர் கையிலிருந்து பறிக்கிறது. கண்ணைத் தாழ்த்தாமல், சிரிக்காமல், ஃபோனைப் பார்க்காமல், வழமை போல நில்லுங்கோ. ஐந்தாறு செக்கன்தான்.

இந்த மாதக் கூடலில் பெயர் சொல்லிப் போகிற சுற்றை நிறுத்திவிடலாமா என்று கேட்டோம். வேண்டாம், இருக்கட்டும் என்று தம்பிதான் சொன்னான். தன் முறை வந்தபோது பெயரைச் சொன்னான். நேரம் எடுத்தது. இந்த முறை ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எங்களில் சிலருக்குக் கை வியர்த்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேணும். பிறகு தான் வாசித்த நாவலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினான். ஆளுக்குப் பத்து நிமிடம் என்பது எங்கட விதி. இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது. நாவலின் முடிவையும் சொல்லிப்போட்டான், அதை வாசிக்க எடுத்து வைத்திருந்த இரண்டு பேர் இன்னும் கோபத்தில் இருக்கினம்.